பிறப்பு நகலில் குறைந்த மூன்று ஆண்டுகள்

“1943 ஜூன் 1, செவ்வாய். பென்ஷன் நாள். மழை இல்லை. பிறப்புப் பதிவு நகல் ஒன்று கொடுக்கப்பட்டது. ஒப்பு பார்த்தது நான்.”

என் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஒப்பு பார்த்தபோது என்ன கண்டேன் என்பதை அன்று எழுதத் துணியவில்லை.

மலாயாவில், பாடாங் செராய்க்கு அப்பால், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறு பட்டணத்தின் தபால் ஆபீசில் நான் அப்போது சின்னக் கிராணி, அதாவது இளநிலைக் குமாஸ்தா. போஸ்ட்மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஜப்பான்காரர் வந்தபின் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் எங்களிடம் தள்ளிவிட்டார்கள். பழைய பதிவுகள் ஆங்கில ஆண்டில் இருந்தன. நகல் கொடுக்கும்போது ஜப்பானிய ஆண்டாக மாற்ற வேண்டும். 660 கூட்டினால் போதும். அந்தக் கூட்டலிலும் பிழை வரக் கூடாதென்று போஸ்ட்மாஸ்டர் ஓர் அட்டவணை எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். காகிதம் கிடைக்காததால் நகல்களைப் பழைய தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினோம். அவர் எழுதுவார். நான் பதிவேட்டோடு ஒப்பு பார்த்து ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவேன். இரண்டு பேர் பார்க்காத நகல் வெளியே போகாது.

பென்ஷன்காரர்கள் மாதம் ஒருமுறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும். அவர்களுக்குப் பெரிய தொல்லை கடிகாரம்தான். எங்கள் சுவரில் ஓடியது தோக்கியோ நேரம். தோட்டத்து ஜனங்களின் கால்களில் இருந்தது பழைய நேரம். தோக்கியோ நேரம் ஒன்றரை மணி முந்தியது. அன்று கடைசி ஆள், கவுன்டர் பலகையை இறக்கியபின் வந்தார். எங்கள் ஆபீசிலேயே தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டும் ஒரே மகனோடு இருந்தார்.

“நீர் இன்னும் பழைய மணியிலதான் நடக்கிறீர், என்ன?” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

“காலு பழசுங்கய்யா. அதுக்கு ஜப்பான் மணி பாக்கத் தெரியல.”

“உயிரோட இருக்கிறீரோ?”

“கிள்ளிப் பாருங்க. வலிச்சா கையெழுத்துப் போடுறேன்.”

மாதாமாதம் நடக்கும் கேலிதான். ஆனால் அன்று கையெழுத்திட்ட பிறகும் பெரியவர் நகரவில்லை. மகனுடைய பிறப்பு நகல் வேண்டும் என்றார்.

“தோட்டத்துல பேரு எழுதுறாங்கய்யா, சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு. பதினெட்டு ஆவாதவன விட்டுர்றாரு பெரிய கிராணி. ஆனா வயசுக்குச் சூராட் காட்டணுமாம், பொறப்புக் காயிதம். வெள்ளிக்கிழம லோரி வருது.”

“உம்மட பெடியனுக்கு இப்ப எத்தினை வயசு?”

பெரியவர் தரையைப் பார்த்தார். “ஆளு ஒல்லிங்கய்யா” என்றார்.

ஜப்பான்காரர் சயாமில் போட்ட ரயில் பாதைக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை எங்கள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. கடிதமும் இல்லை. வந்திருந்தால் அது எங்கள் கை வழியாகத்தான் போயிருக்கும். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

போஸ்ட்மாஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார், எழுதினார், மை ஒற்றினார், என்னிடம் தள்ளினார். பதிவேட்டில் 1925 மார்ச். நகலில் 2588, மூன்றாம் மாதம். அட்டவணையைப் பார்த்தேன். 1925க்கு நேரே அவர் கையாலேயே 2585 என்று இருந்தது. பதினெட்டு நிறைந்தவன் பதினைந்தாகியிருந்தான்.

“ஐயா, ஆண்டை ஒருதரம் பாக்கிறீங்களா?”

“நான் பாத்துத்தான் எழுதினனான்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒப்பு பாக்கிறது உம்மட வேலை. பிழையெண்டால் கிழிச்சுப் போடும், வேற எழுதுவம். சரியெண்டால் ஒப்பம் வையும். மனுசன் வெயிலுக்குள்ள நடக்கவேணும்.”

பெரியவர் ஆயுள் முழுக்க முகவரி படித்தவர், எண்கள் தெரியும். பலகைக்கு அப்பாலிருந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அரிசி பதுக்கியதாகப் பிடிபட்ட ஒரு கடைக்காரரை வெயிலில் முட்டி போட வைத்து அடித்ததை, அதே ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நான். பேனாவை இரண்டு முறை மையில் தோய்த்தேன். பிறகு ஒப்பமிட்டேன். வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்தது.

ஜூலை முதல் தேதி பெரியவர் நேரத்தோடு வந்துவிட்டார்.

“பெரிய கிராணி சூராட்ட வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தாரு தம்பி. ‘பதினஞ்சு வயசுக்கு இம்மாம் மீசையா?’ன்னாரு. ‘எங்க வம்சமே அப்படித்தாங்கய்யா, எங்கப்பனுக்குப் பத்துலயே மொளச்சிருச்சு’ன்னுட்டேன். பேர அடிச்சிட்டாரு.”

நானும் அவரும் சிரித்தோம். போஸ்ட்மாஸ்டர் கேட்காதவர்போல முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பென்ஷனை மடியில் முடிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திப் பெரியவர் சொன்னார்:

“ஆனா லோரில தலைக்கணக்கு கொறையல தம்பி.”

“அப்ப யாரு போனா?”

“அதக் கேக்காதீங்க” என்று படியிறங்கிப் போய்விட்டார். பிறகு எத்தனையோ மாதங்கள் வந்தார், கையெழுத்திட்டார். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

போர் முடிந்து போஸ்ட்மாஸ்டர் ஊர் திரும்பியபோது வழியனுப்ப ரயிலடிக்குப் போனேன். அந்த 2588 கைத்தவறுதானா என்று கேட்டேன். “என்ர சர்வீசில நான் ஒரு பிழையும் விட்டதில்லை” என்றார். அதை அவருடைய பதிலாக வைத்துக்கொண்டேன்.

யார் போனது என்ற மற்றக் கேள்விக்குத்தான் பதில் இல்லை. தோட்டத்தின் அந்த மாதப் பேர்ப்பட்டியலைத் தேடினேன், கிடைக்கவில்லை. லயத்தில் இருந்த இருவரைப் பின்னாளில் விசாரித்தேன். வேறு தோட்டத்திலிருந்து அந்த வாரம்தான் வந்து சேர்ந்த ஒருவரை ஏற்றிவிட்டார்கள் என்றார் ஒருவர். மற்றவர், யாரையும் ஏற்றவில்லை, ஆள் குறைந்தும் கணக்கைச் சரியாகக் காட்டிவிட்டார்கள் என்றார். இரண்டுக்கும் எழுத்துச் சான்று இல்லை. ஜூன் 4, வெள்ளிக்கிழமை, அந்த மகனுக்குப் பதிலாக ஒருவர் லோரி ஏறினாரா, ஏறினால் அவர் யார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.