கலீல் பாயின் வலது கை

விருத்தாசலத்தில் ஏ.சி. மெக்கானிக்குகள் முப்பது பேர் இருந்தால், அதில் இருபது பேராவது கலீல் ரஹ்மான் கையால் அடி வாங்கியவர்கள். நான் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். என் பேர் தனக்கோடி, ஜங்ஷன் ரோட்டில் கடை. பாய் பேரைச் சொன்னாலே என் இடது கன்னம் இன்றைக்கும் சூடாகும்.

ஆள் பார்க்க ஒன்றுமே இல்லை. நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, ஒரு காது மந்தம். ஐ.டி.ஐ. முடித்து இருபத்து மூன்று வயதில் சவுதிக்குப் போனார். தம்மாமில் பத்து வருஷம் கோல்டு ஸ்டோரேஜ் வேலை. அவர் தங்கச்சி சைமாவின் வீட்டுக்காரன் ஃபாயிஸுக்கும் அங்கேயே, அதே கம்பெனியில் வேலை. ஒரு நாள் கம்ப்ரஸர் வெடித்து ஃபாயிஸ் செத்துப்போனான். "நான் டீ வாங்கக் கீழ போயிருந்தேன், மேல வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு பாய் ஊருக்கு வந்து சேர்ந்தார். பாலக்கரையில் கடை போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சைமாவையும் மூன்று வயது மகளையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சைமா பிரியாணி ஆர்டர் எடுக்க ஆரம்பித்தபோது, தேக்சாவிலிருந்து அடுப்பு வரை வாங்கிக் கொடுத்தது அவர்தான். இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று தெருவே பேசும்.

அந்த நல்ல மனுஷன், கேஸ் வேலையில் எவனாவது அவசரப்பட்டால் மட்டும் மிருகமாகிவிடுவார். ஏ.சி. பைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே அழுத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு நைட்ரஜன் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் வெல்டிங் வைக்க ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்களோடுதான் வருகிறது. இன்னொரு சிலிண்டரை எவன் மாடி மாடியாகச் சுமப்பான்? ஆக்ஸிஜனையே திறந்துவிடுவோம். ஊர் முழுக்க இதுதான் பழக்கம். கடைத்தெருவில் ஒரு நகைக்கடை மாடியில் நான் அப்படித் திறக்கப் போனபோதுதான் பாய் ஏணியில் ஏறி வந்து முதல் அறை கொடுத்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. ஹோஸைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

போன சித்திரையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஓசோனைத் தின்கிற பழைய கேஸை நிறுத்தப்போகிறார்கள், வரப்போகிற புது கேஸ் தீப்பிடிக்கும், அதனால் பழைய வேலைமுறையெல்லாம் மாற வேண்டும் என்று இரண்டு நாள் வகுப்பு. பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம் ஒரு குடோன். ஒரு சுவரோரம் சுட்ட பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கிக் கிடந்தன. பாடம் சொல்ல வந்தவர் பூர்ணிமா என்ற இன்ஜினியரம்மா. செய்து காட்ட கலீல் பாய். மதியச் சாப்பாடு சைமாவின் பிரியாணி. உண்மையைச் சொன்னால் நான் போனதே பிரியாணிக்கும் சர்ட்டிபிகேட்டுக்கும்தான்.

முதல் நாள், பழைய ஏ.சி.யிலிருந்து கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்து வைப்பது எப்படி என்று பாடம். அரை மணி நேரம் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதுக்கு இவ்ளோ நேரமா?" என்று ஸ்க்ரூ டிரைவரால் ஏ.சி. வால்வின் ஊசியை அமுக்கினேன். புஸ்ஸென்று கேஸ் முழுதும் காற்றில் போனது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் பாயின் கை என் கன்னத்தில் விழுந்தது.

முப்பது பேர் எதிரில்! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வாயிலேயே குத்தினேன். பல் ஒன்று என் விரல் முட்டியைக் கிழித்தது. அவர் என் வயிற்றில் முட்டினார். இரண்டு பேரும் பொம்மைப் பெட்டிகள் மேல் விழுந்தோம். பீங்கான் நொறுங்கி என் முழங்கையைக் கிழித்தது. நான்கைந்து பேர் பிடித்து இழுக்கும்வரை யாரும் யாரையும் விடவில்லை. பூர்ணிமா மேடம் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவேன் என்று கத்தினார்.

வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கு அந்த ஆளை எல்லோர் எதிரிலும் தலைகுனிய வைக்கிறேன் பார் என்று மனசுக்குள் கறுவினேன்.

இரண்டாம் நாள் அழுத்தப் பரிசோதனை. நைட்ரஜன் சிலிண்டர் நெய்வேலியிலிருந்து வந்து சேரவில்லை. மேடம் கேட்டுக்கு வெளியே நின்று போனில் வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று என் வண்டியிலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். செய்முறைக்கு வைத்திருந்த ஏ.சி.யில் ஹோஸை மாட்டினேன்.

"இருவத்திரெண்டு வருஷமா இதுலதான் பாக்குறேன். இதோ நிக்கிறேன் பாருங்க, எந்தக் கொம்பன் செத்தான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரட்டும்" என்றேன். பையன்கள் விசில் அடித்தார்கள்.

பாய் மேசையைத் தாண்டிப் பாய்ந்து வந்தார். இந்தத் தடவை அறை இல்லை, நேரே என் கழுத்தைப் பிடித்தார். கண் முழி பிதுங்கியது. பின்னந்தலை தரையில் மோதி ஒரு நிமிஷம் எல்லாம் இருட்டு. நான்கு பேர் அவரை இழுத்துக் கைகளை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் இருமிக்கொண்டே எழுந்து சிலிண்டர் சாவியில் கையை வைத்தேன். எனக்கு வெறி. செத்தாலும் சரி, திறந்தே தீருவது.

"தனக்கோடி, தொறக்காத! கம்ப்ரஸர்ல எண்ணெ இருக்குது. ஆக்ஸிஜன் பட்டா வெடிச்சிரும்டா!"

"நீ என்னாத்தப் பாத்த? நீதான் டீ வாங்கப் போயிட்டியே" என்றேன். அவர் மச்சான் சாவைத்தான் குத்திக் காட்டினேன். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

பாய் திமிறுவதை நிறுத்தினார். தலை தொங்கிப்போனது. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"நான் டீ வாங்கப் போவலடா! அங்கதான் நின்னேன். நைட்ரஜன் தீந்துபோச்சு, சூப்பர்வைசர் அவசரப்படுத்துனான். ஃபாயிஸு ஜாயிண்ட்ல சோப்பு நொரை தடவி, ஓட்டை எங்கன்னு குனிஞ்சு பாத்துக்கினு இருந்தான். வேணாம் மச்சான்னு சொன்னான். நான்தான் சிரிச்சிக்கினே ஆக்ஸிஜனத் தொறந்தேன். இந்தக் கையாலதான் தொறந்தேன். மூஞ்சியே இல்லடா அவனுக்கு. செவுத்துலேந்து வழிச்சு எடுத்தோம்."

விசில் அடித்தவர்கள், அவரைப் பிடித்திருந்தவர்கள், எல்லோரும் வாசலையே பார்த்தார்கள். நானும் திரும்பினேன். பிரியாணி தேக்சா ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தது. பக்கத்தில் சைமா நின்றாள், கையில் சோறு கிளறுகிற இரும்புச் சட்டுவம்.

அவள் அழவில்லை. நேராக நடந்து வந்தாள். பிடித்திருந்தவர்கள் தாமாகவே பாயை விட்டுவிட்டார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். தோல் பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பாய் கையைக்கூடத் தூக்கவில்லை.

"பதிமூணு வருஷம்! அவுரு தனியா இருந்து செத்தாரு, நான் பக்கத்துல இல்லியேன்னு எங்கிட்ட அழுதியே, அழுதியே! இந்தக் கையாலதான் எம் பொண்ணுக்குச் சோறு ஊட்டுனியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. பாய் முழங்கால் மடங்கி உடைந்த பீங்கான் சில்லுகள் மேல் விழுந்த பிறகுதான் சட்டுவத்தைக் கீழே போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அண்ணே, சாவியிலேந்து கைய எடு" என்றாள். அதுவரை கை அங்கேயேதான் இருந்திருக்கிறது. எடுத்தேன். அட பாவி தனக்கோடி, வாய்க்கொழுப்பால் ஒரு குடும்பத்தை அறுத்துவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். நெற்றியில் ஏழு தையல். சைமா மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பாய் கடையைத் திறக்கவில்லை. வலுக்கட்டாயமாக நான்தான் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் நான் கஞ்சியோடு பாய் வீட்டில் இருந்தபோது சைமா வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"மன்னிப்பெல்லாம் கெடையாது. இனிமே எந்த ஊர்ல ட்ரெயினிங் நடந்தாலும் சோறு நான்தான் எடுத்தாருவேன். அங்க, எம் முன்னாடி, நீ இத சொல்லணும். ஒவ்வொரு தடவையும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் பாய். அன்றிலிருந்து அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. யாரோ ஒருத்தரிடம் பேசுவது போலத்தான் பேசுவாள்.

அதற்கப்புறம் பாய் யாரையும் அடித்ததில்லை. இப்போது அடிக்கிறவன் நான். என் வண்டியில் எந்நேரமும் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. பயிற்சிக்கு அதைச் சுமந்துகொண்டு போவதும் நான்தான். திட்டக்குடியில் பாய் தம்மாம் கதையைச் சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து சைமா கேட்டாள்.

"யாரு தொறந்தது?"

"நான்தான்."

"எந்தக் கை?"

பாய் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிரியாணி ஆறிப்போகும்வரை கையை இறக்கச் சொல்லவில்லை.

போன வாரம் பெண்ணாடத்தில். கதை நடக்கும்போதே ஒருவன் சிரித்தான், அவனுக்கு நான் ஒன்று விட்டேன். அப்புறம் அதே கேள்விகள், அதே பதில்கள். பாய் கையைத் தூக்கினார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். தோளில் அடிபட்ட கை நடுங்க ஆரம்பித்தது, முழங்கை வரை ஆடியது. அவர் இறக்கவில்லை. நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சைமா தேக்சா மூடியை எடுத்தாள். தட்டுகளை அடுக்கினாள். அவரைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"எல்லாருக்கும் பசிக்குது. எறக்குண்ணே."