ஆல்பம் அக்கா வாங்கிய வேக டிஸ்க்

ஸ்டுடியோ மாடியில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவளை எல்லாரும் ஆல்பம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தொடப்போகும் வயதில், தங்கை பிடுங்கியெடுத்ததால் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்ததோடு சரி. மாலையில் கிளம்பப் பார்த்தால் கம்ப்யூட்டர் விடாது. ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொன்னால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கூடச் சேர்ந்தவர்கள் குளத்தின் நடுவரைக்கும் போய்விட்டார்கள். இந்த வாரமும் தலைகாட்டாவிட்டால் பேரை எடுத்துவிடுவதாகப் பயிற்சியாளர் சொல்லியனுப்பியிருந்தார்.

"தண்ணியில இறங்காமலே அந்த வட்டத்துல முழுகிட்டியேக்கா" என்று தங்கை அவளைக் கம்ப்யூட்டர் கடைக்கு இழுத்துப் போனாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று செங்கல் கனத்தில், உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க். எவ்வளவு போட்டாலும் கொள்ளும். மற்றது பிஸ்கட் கனத்தில், உள்ளே எதுவும் சுழலாத எஸ்எஸ்டி. கொள்வது குறைவு, வேகமோ பல மடங்கு.

"உள்ள ஒண்ணும் ஓடலைங்கிறீங்க, அப்புறம் எப்படி வேகம்?" என்றாள் தங்கை.

"சுத்துற தட்டுல படத்தைத் தேடிப் போகணும்மா. இதுல தேடுற வேலையே இல்ல, கேட்ட உடனே குடுத்துடும்."

"அப்ப மாமாவுக்கும் ஒண்ணு மாட்டிடலாமாக்கா?"

"அவரு செங்கல் ரகம்டி. நிறைய கொள்ளும், வேகம் மட்டும் கேக்கப்படாது."

பிஸ்கட்டையே வாங்கினாள். அதில் இடம் பத்தாது என்பதால் பழைய டிஸ்க்கையும் பெட்டிக்குள் விட்டுவைத்தார் கடைக்காரர்.

மறுநாள் கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் எழுந்து நின்றது. மத்தியானம் ஒரு மணப்பெண் தன் அம்மாவோடும் மாமியாரோடும் படம் தேர்ந்தெடுக்க வந்தாள். முன்பெல்லாம் ஒவ்வொரு படமும் நெற்றியில் தொடங்கி மெல்ல இறங்கி வரும். முகவாய் வந்து சேர்வதற்குள் சலித்துப்போய், "இதையே போட்டுருங்க" என்பார்கள். இப்போது தட்டினால் படம்.

"முந்தினதைக் காட்டுங்க."

"அதுக்கும் முந்தினது?"

"இதுல கண்ண மூடியிருக்கேன்."

"அதுலதாம்மா நீ அமைதியாத் தெரியுற" என்றார் மாமியார்.

மறுபடி முதல் படம். வெளியே இருட்டியது, ஒருவரும் எழுந்தபாடில்லை. தங்கை போன் செய்தாள்.

"மறுபடி வட்டமாக்கா?"

"வட்டம் இல்லடி. சம்பந்திங்க."

வாரத்தில் மிச்சமிருந்தது ஒரே வகுப்பு. அந்தக் காலையில் ஆல்பம் அக்கா தன் வடிவமைப்பு வேலையை மட்டும் புதிய டிஸ்க்கில் வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் பார்க்கிற படங்களையெல்லாம் பழையதற்கு மாற்றினாள். அன்று படம் பார்க்க வந்த வேறொரு மாப்பிள்ளையின் அப்பா ஏழாவது நெற்றியிலேயே கொட்டாவி விட்டார்.

"கம்ப்யூட்டரை மாத்தக்கூடாதாம்மா?"

"இந்த வாரந்தாங்க புது டிஸ்க்கே மாட்டினேன்" என்றாள், கொஞ்சமும் பொய்யில்லாமல்.

அவர் பெருமூச்சு விட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்களே பாத்துப் போட்டுருங்க."

வகுப்பு தொடங்குமுன்பே குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. இறங்குவதற்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.