உப்பள வரப்பில் பிலோமினா

பிலோமினா இறந்துபோன செய்தியை அவளுடைய பங்குக் கோயில் உபதேசியார்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனவள் திரும்பி வந்துவிடுவாள் என்றே நாங்கள் இருந்தோம். எல்லோரும் எழுந்து நின்றோம். எங்கள் மேலாளர் பெருமூச்சு விட்டு, "பாவம், கல்யாணம் காட்சி இல்லாம, காக்கா குருவியப் படம் எடுத்தே காலத்தக் கழிச்சிட்டா" என்றார். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அவளை அறிந்த யாராலும் முடியாது.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். இறக்குமதிச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் இதே கம்பெனியில் அவளும் நானும் தட்டச்சர்கள், ஒரே வயது. கப்பலில் வேலை பார்த்த அவள் அண்ணன், குடும்பப் படம் எடுக்கட்டும் என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு கேமரா வாங்கி வந்து கொடுத்தார். அவளோ முதல் சுருள் முழுவதையும் கிணற்றடிக்கு வந்த காகங்களுக்கே செலவழித்தாள். கழுவிப் பார்த்தால், பாதிப் படங்களில் காகத்துக்குத் தலை இல்லை. மீதியில் பலவற்றில் காகமே இல்லை.

ஸ்டூடியோ அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, கல்யாணம் காதுகுத்துக்கு எடுக்க வேண்டிய பிலிம போயி காக்காய்க்கா செலவழிக்க?"

"ஒங்க கல்யாணப் படத்துல மாப்பிள்ளமாரு பூராப் பேரும் கண்ண மூடிட்டு நிக்காங்க, அண்ணாச்சி. என் காக்காய்ல தலை இருக்கதெல்லாம் முழிச்சிட்டுத்தான் இருக்கு" என்றாள் அவள். அடுத்த சுருளையும் அவரிடமே வாங்கினாள்.

தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் லென்ஸ் அவளிடம் இல்லை. அதனால் பறவைக்கு அருகில் இருக்கப் பழகினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் மங்கிய சேலையொன்றைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போவாள். சில நாள் நானும் கூடப் போவேன். "பின்னால ஓடுனா அது பறக்கத்தான செய்யும்? சும்மா இரி ஏளா, அதுவா வரட்டும்" என்பாள். பெரிய சரணாலயம் எதற்காவது போய் எடுக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அங்கன உள்ளதப் பாக்க அங்கன ஆளிருக்கு. நம்ம வீட்டுக்குப் பின்னால உள்ளத யாரு பாத்தா?" என்றாள்.

ஒரு கோடையில், கைவிடப்பட்ட பாத்தி ஒன்றின் ஓரத்தில் பவளக்கால் உள்ளான் முட்டையிட்டிருந்தது. சிவந்த நெடுங்கால்களில் நிற்கும் அழகான பறவை. முட்டையும் மண்ணும் ஒரே நிறம்; மிதித்த பிறகுதான் தெரியும். அந்த இடத்தில் சரக்கு அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்டப் போவதாகச் சொல்லி, சரளை லாரிகள் வரத் தொடங்கின. பிலோமினா தான் எடுத்த படத்தைக் காண்ட்ராக்டரிடம் காட்டி, குஞ்சு பொரிக்கும்வரை வேறு மூலையில் கொட்டும்படி கேட்டாள். "சும்மா கெடக்க பொட்டல்மா இது" என்று அவர் படத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மனசு கேட்காமல் மதியம் உப்பளத்துக்கு ஓடினேன். பறவை பயப்படாத தூரத்தில், முட்டைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே, வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். காண்ட்ராக்டர் ஒரு போலீஸ் ஏட்டைக் கூட்டி வந்திருந்தார்.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல படம் எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா? கொண்டாம்மா அத" என்றார் ஏட்டு.

கொடுத்தாள். அவர் கேமராவின் பின்மூடியைத் திறந்து, சுருளை வெயிலில் உருவிப் போட்டார். அன்று காலையிலிருந்து அந்தப் பறவையை அவள் எடுத்திருந்த படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. அவள் கை நீட்டிக் கேமராவைத் திரும்ப வாங்கினாள். பையிலிருந்து புதுச் சுருளை எடுத்து, அவர் கண் முன்னாலேயே மாட்டினாள்.

"படந்தான் போச்சி, ஏட்டையா. பறவ அங்கனயேதான் இருக்கு. நானும் இங்கனயேதான் இருப்பேன்."

"லாரிய மேல ஏத்திட்டுப் போவான், பாத்துக்கோ!" என்று காண்ட்ராக்டர் கத்தினார்.

முதல் லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். வரப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "என்னால முடியாது மொதலாளி. பொம்பளப்பிள்ள உக்காந்திருக்கு, அங்கன முட்ட வேற கெடக்கு. வேற எடம் காட்டுங்க" என்று சொல்லி எஞ்சினை நிறுத்திவிட்டார். பின்னால் நின்றவர்களும் நிறுத்தினார்கள். "எனக்கு எதுக்குய்யா வம்பு" என்று ஏட்டு சைக்கிளை எடுத்தார். அதன்பிறகு சரளை மேற்கு மூலையில்தான் விழுந்தது.

குஞ்சுகள் வெளியே வந்தன. தாயின் வயிற்றுக்கடியில் ஒரு குஞ்சு தலை நீட்டும் படம் அவளுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் கிட்டங்கி எழும்பவும் செய்தது. "கடைசியில கட்டிட்டானுவளே" என்று நான் வருந்தினேன். "கட்டட்டும். குஞ்சு பறந்த பொறவுதான கட்டுனான்?" என்றாள். அந்தக் கோடையில் இரண்டு பாத்தி தள்ளி வேறொரு கூட்டைக் கண்டுபிடித்திருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் குஞ்சுப் படத்தை அவள் மேசைக்கு மேலே சுவரில் மாட்டினேன். "பார்ட்டிங்க வந்து போற எடம். அதக் கழட்டிரும்மா" என்றார் மேலாளர். கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், முடியாததை முடியாது என்று சொல்லும் அவளுடைய வழக்கத்தை நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, தட்டச்சைத் தொடர்ந்தேன்.