கையால் பிடிக்கும் பிரேக்

வில்லியனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்வது என் வேலை. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. அக்குளில் கட்டை வைத்துத்தான் நடப்பேன். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் போய்வருகிறேன். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருக்கும். அப்படியே சுவரில் சாய்ந்து போனில் கார் ரேஸ் ஆடுவேன்.

நாலைந்து வருடம் அப்படிப் போனது. போன வருடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்ததும், ஸ்டியரிங் வைத்து ஆட ஆசை வந்தது.

"கார் ஓட்டக் கத்துக்கப் போறியா?" என்று கேட்டார் கணவர்.

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு?"

வெளியே கால் வைத்தால் ஆளாளுக்கு "பாத்து, பாத்து" என்பார்கள். ரேஸில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இதை அவரிடம் விளக்கத் தெம்பில்லை.

பாண்டியில் கேம் ஸ்டியரிங் விற்கும் கடை முதல் மாடியில் இருந்தது. படியேறி முடித்ததும் பேச மூச்சு வரவில்லை. கடைக்காரர் ஸ்டூல் போட்டார்.

"பையனுக்கா அக்கா?"

"எனக்குத்தான்."

என் கட்டையைப் பார்த்தார். பிறகு வேகமாக விலை உயர்ந்த ஸ்டியரிங்கைக் காட்டினார். வளைவில் நிஜக் கார் மாதிரி கையை முறுக்கி இழுக்கும் என்றார். பிடித்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் தோள் சுரீரென்றது. இருப்பதிலேயே மெதுவாக இழுப்பது எதுவோ அதைக் கேட்டேன். அப்படிக் கேட்டு வாங்கியவர் யாருமில்லை போலிருக்கிறது. அடித்தட்டில் தேடி எடுத்தார். அதோடு ஆக்ஸிலேட்டர், பிரேக் பெடல்களும் சேர்ந்தே வந்தன.

வீட்டில் அந்தப் பெடல்கள்தான் படுத்தின. இரண்டையும் இடது கால் ஒன்றாலேயே மிதிக்க வேண்டும். வளைவு வரும்போது கால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேருவதற்குள் கார் மண்ணில் இறங்கிவிடும். அழுத்தி மிதித்தால் நாற்காலி பின்னால் உருண்டது. கணவர் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சக்கரத்துக்கு அரை செங்கல் கொடுத்தார். நாற்காலி நின்றது. கால் பழையபடிதான்.

பத்து நாளில் சலித்துவிட்டது. கடைக்குப் போன் செய்தேன்.

"டப்பா தொறந்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம்கா."

"திருப்ப வாணாம்பா. கையால புடிக்கிற பிரேக் எதனா இருக்கா?"

"ஹேண்ட்பிரேக் இருக்கு. வண்டிய வழுக்கி ஓட்டுற பசங்க வாங்குவாங்க."

"பாதி இழுத்தா பாதிதான் புடிக்குமா?"

"புடிக்கும்கா. செட்டிங்ல அதையே பிரேக்கா மாத்திக்கலாம். எனக்கு அன்னிக்கே தோணல."

அதை வாங்கப் போன அன்று நான் படியேறவில்லை. அவரே கீழே இறங்கி வந்து ஸ்கூட்டர் கூடையில் பெட்டியை வைத்தார்.

முதலில் அதை மேசையின் வலது ஓரத்தில் முடுக்கினோம். நாலு சுற்றில் தோள் வலித்தது. கட்டையைத் தாங்கும் பக்கம் அது. கழற்றி இடது பக்கம் மாற்றினோம். வலது கையால் ஸ்டியரிங், இடது கையால் பிரேக், இடது காலால் ஆக்ஸிலேட்டர் என்று பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் பாதி நாள், வேலையிலிருந்து வந்து அதை உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

போன ஞாயிறு மதியம், முதல் தடவையாக ஒரு ரேஸை எங்கும் மோதாமல் முடித்தேன். தரையில் படுத்திருந்த கணவர் தலையைத் தூக்கினார்.

"இன்னாச்சு?"

"பதினாலாவது."

"எத்தினி வண்டி?"

"பதினாறு."

எழுந்து வந்து, தானும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் மோதியது. "இதுல எங்க கால வெக்கிறது, எங்க கைய வெக்கிறது?" என்று கேட்டுவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்னொரு ரேஸ் ஆட ஆசைதான். உடம்பு இடம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு நானும் அவர் பக்கத்தில் படுத்தேன்.