யாரும் கூப்பிடாத நாற்காலி

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், மழைக்கு நான் ஒதுங்கிய மண்டபத்துக்குள் சோளமாவுப் பலகாரம் பொரியும் வாசனை. ஊரிலுள்ள லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் சனிக்கிழமைக் கூடுகை இது. ஒரு பக்கம் நடனம் நடக்கிறது. மறுபக்கம், பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிப்பவர்கள் அவர்களோடு சேர்ந்து பிரஷர் பார்க்கும் முகாம் நடத்துகிறார்கள்.

ஆடிவிட்டு மூச்சிரைக்க வரும் ஒரு பெண்ணை மாணவி மதுரா நாற்காலியில் உட்கார வைக்கிறாள். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால்தான் அளக்கலாமாம். அந்தப் பெண் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

மதுராவின் பெற்றோர் யாழ்ப்பாணம். அவள் பிறந்தது இங்கே. "அவங்களுக்கு பிரஷர் அதிகமா?" என்று மெதுவாகக் கேட்கிறேன்.

"சீ, இல்லை அண்ணை. கிழமை முழுக்க ஹோட்டல் துப்புரவு வேலை, வீட்டில மூண்டு பிள்ளையள். ஒருத்தரும் தன்னைக் கூப்பிடாத இடம் இந்தக் கதிரைதானெண்டு எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பா. இண்டைக்கு இது மூண்டாந்தரம்."

எனக்கே அதில் உட்கார ஆசையாக இருக்கிறது.

சமையலறையிலிருந்து யாரோ அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். மதுரா உதட்டில் விரல் வைத்து, அளந்துகொண்டிருப்பதாகச் சைகை காட்டுகிறாள். பிரஷர் மெஷின் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.