ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்தவர்

சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குக் கதைகளைத் திருத்திக் கொடுப்பது அம்மாவின் வேலை. அப்பா காலமான பிறகு வீடு அதில்தான் ஓடியது. பள்ளியில் என் கட்டுரையைச் சிவப்பு மையில் குளிப்பாட்டுவார்கள். அம்மாவோ ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, எழுதியவரையே கேட்பாள். தப்பென்று தெரிந்த பிறகு என்ன கேள்வி வேண்டிக் கிடக்கிறது? எனக்கு ஒன்றும் பிடிபடாது.

அந்த வருடம் சித்தப்பா ஒரு நாவல் எழுதினார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனிலேயே தட்டியது. நெசவாளர் வீட்டுக் கதை. பதிப்பகம் அதை அம்மாவிடமே திருத்தக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் 'வந்துக்கினு', 'போய்க்கினு'. அம்மா ஒன்றிலும் கை வைக்கவில்லை. கோபுரத்தின் மேல் கதிரவன் பொற்கரம் நீட்டிய இடத்தில்தான் நிறுத்தினாள்.

"இது நீங்க பேசற மாதிரி இல்லியே?"

சித்தப்பா அசடு வழிந்துகொண்டே அந்த வரியை அடித்தார். என் வாத்தியார் அதற்குத்தான் மதிப்பெண் போட்டிருப்பார்.

கதையில் ஆறாம் அத்தியாயத்தில் அண்ணன் இறந்துபோகிறார். ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே அண்ணன் சாவகாசமாக வீட்டுக்குள் வந்து, சட்டையைக் கழற்றி ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டுக் காபி கேட்கிறார். அப்பாவும் அப்படித்தான் மாட்டுவார். அந்தப் பக்கத்தில் அம்மாவின் கேள்விக்குறி இருந்தது.

"செத்தவரு எப்படிம்மா காபி கேப்பாரு?" என்று சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"தெரியும் அண்ணி, தப்புதான்" என்றார் சித்தப்பா. "எழுதிக்கினு இருக்கசொல்ல அண்ணன் உள்ள வந்துட்டாரு. நான் இன்னா பண்றது? வெளிய போன்னு சொல்ல வாய் வரல. நீங்களே அடிச்சிடுங்க."

அம்மா ரொம்ப நேரம் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள். பிறகு ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை மட்டும் அழித்தாள்.

புத்தகம் வந்ததும் படித்தவர்கள் கேலி செய்தார்கள். பதிப்பாளர் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

"இவ்ளோ பெரிய தப்பு உங்க கண்ணுல படலியாம்மா? அடுத்த புஸ்தகம் வேற ஆள்கிட்ட குடுத்துக்கிறேன்."

"கவனிக்கலைங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தாளே, குறி போட்டாளே! பொய் சொன்னால் என் தொடையில் கிள்ளும் அம்மா, வேலையே போகும்போது எதற்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.