அத்தான் வழி உறவினர்

எங்கள் குடும்பத்தில் இறந்தவருக்கு அச்சிடுகிற நினைவு மலர் என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் படம். அடுத்துத் தேவாரம். அதற்கடுத்து வம்சாவளி: பூட்டன் பூட்டியில் தொடங்கி, கனடாவில் பிறந்த கடைக்குட்டி வரை, பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு இணைத்திருக்கும். பிறகுதான் இன்ன ஊரில் இன்னாரின் புதல்வராகப் பிறந்தார் என்று தொடங்கும் கட்டுரை. அக்காவின் கணவரான அத்தானுக்கு இவற்றில் படம் மட்டுமே சிக்கலில்லாமல் கிடைக்கும் என்று நினைத்தோம். தேடியெடுத்த படங்களில் பாதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். மீதியில் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்.

நான் அக்காவின் தம்பி. இங்குள்ள தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன். "நீதானே எழுதிறனீ, எழுதன்" என்று பெரியப்பா இந்த வேலையை என் தலையில் கட்டினார். சாவீட்டுக்குச் சிரிப்பு எழுதுகிறவனைத் தேடிப்பிடித்த குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அத்தான் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அவர் பிறக்குமுன்பே காலமாகிவிட்டார். தாயார் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி மொன்றியலுக்கு வந்து, தையல் ஆலையில் வேலை செய்து வளர்த்தார். மகன் உழைக்கத் தொடங்கிய காலத்தில் அந்த அம்மாவும் போய்விட்டார். உடன்பிறந்தவர்கள் இல்லை. மாமன், மச்சான் என்று யாராவது இருந்திருந்தாலும் அவர்கள் ஒரு கடிதம் போட்டதில்லை. அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளும் இல்லை. ஆக, அத்தானின் வம்சாவளியை ஒரு தபால் முத்திரையின் பின்புறத்தில் எழுதிவிடலாம். லண்டன் முதல் சிட்னி வரை எங்கள் சொந்தத்தில் யார் இறந்தாலும் கோடு போட்டுக் கொடுக்கிற பெரியப்பா இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "ஒரு மனுசனுக்கு ஆக்கள் இல்லாமல் இருக்கேலாது" என்றார். நான் ஏதோ சோம்பலில் அவர்களை மறைத்துவைத்திருப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அத்தானை நான் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, இங்கும் அழைக்கப்போவதில்லை. ஆனால் அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை ஓர் அங்குலமும் நகராது. எஸ்போசிற்றோ. 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று பொருள். பழைய நேப்பிள்ஸில் ஓர் ஆலயத்தோடு சேர்ந்த அநாதைக் காப்பகத்தின் சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று இருந்ததாம். வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையைத் தெருப்பக்கமிருந்து அதில் வைத்துச் சுழற்றிவிட்டால், உள்ளேயிருக்கும் கன்னியாஸ்திரிகள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவாக இந்தப் பெயரை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிள்ளைகளை இப்படிக் குறிசுட்டு அனுப்புவது தகாது என்று அந்த வழக்கத்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பெயர் பரவிவிட்டது. இன்று நேப்பிள்ஸில் மிகச் சாதாரணமான பெயர் அது. அங்கிருந்து நியூயோர்க்குக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் கப்பலேறிப் போய், மொன்றியலில் சென்-லெனார்ட் பக்கமும் ரிவியேர்-தெ-பிரெய்ரி பக்கமும் கதவுக்குக் கதவு தொங்குகிறது. பெயர் ஒன்றே தவிர, ஒருவருக்கொருவர் சொந்தமில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அத்தான்தான். யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். மொன்றியலின் மேற்குத் தீவுப் பகுதியில் கார் ஓட்டப் பழக்குவது அவர் தொழில். பக்கத்து இருக்கையில் பெல்ற் போட்டுக் கட்டப்பட்ட ஆளிடம் சொல்லத் தொடங்கினால் அவர் எங்கே ஓடுவது?

அக்காவும் அப்படிக் கட்டப்பட்ட ஆள்தான். பியர்பொன்ட்ஸில் இருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்ச் சலித்து, கார் பழகப் போனவர், சோதனையில் தவறித் தவறி, கடைசியில் சித்தியடையுமுன்பே கலியாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருவதற்குப் பதிலாக மாப்பிள்ளையே விசாரணைக்கு வந்தார். பெரியப்பா முன்னறையில் இருத்திவைத்து, யாருடைய ஆட்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் ஆற்றை ஆக்கள்?"

அக்கா மொழிபெயர்த்தார். அத்தானின் முகம் மலர்ந்தது. சுவர், சுழல்பெட்டி, கன்னியாஸ்திரி எல்லாவற்றையும் கையால் சுழற்றிக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். பெரியப்பா அக்காவைப் பார்த்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"கோயிலோடை சம்பந்தப்பட்ட பழைய குடும்பமாம் பெரியப்பா."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று அக்கா இன்றுவரை வாதாடுகிறார். பெரியப்பா திருப்தியோடு தலையாட்டி, "எங்களைமாதிரித்தான்" என்றார்.

அத்தானின் நற்குணங்களை எழுதவேண்டும். காருக்குள் அவருக்கு இருந்த பொறுமையைப்போல் நான் எங்கும் கண்டதில்லை. அதனாலோ என்னவோ வீட்டுக்கு வரும்போது ஒரு துளியும் மிஞ்சியிராது. மொன்றியல் தமிழர்களில் பலர் அவரிடம் பழகியவர்கள். அவர்களிடமிருந்து பொறுக்கிய தமிழில்தான் பாடம் நடக்கும். "பின்னாலை ஹோர்ன் அடிக்கிறவன் உங்கடை சொந்தக்காரனே? இல்லையே. பேந்தென்ன, ஆறுதலாப் போங்கோ." அவருடைய பிறந்தநாளுக்கு நான் கடைத்தொகுதி ஒன்றில், குடும்பப் பெயர்களின் வரலாறு அச்சடித்து விற்கிறவனிடம், எஸ்போசிற்றோ வம்சத்தின் சின்னம் என்று சிங்கமும் நட்சத்திரமும் போட்ட படமொன்றை வாங்கிக் கொடுத்தேன். "மச்சான், பெட்டியிலை போட்ட பிள்ளைக்குச் சிங்கம் ஆர் குடுத்தது?" என்று கேட்டுவிட்டுக் கழிப்பறையில் மாட்டினார். எங்கள் கொண்டாட்டங்கள் எல்லாவற்றுக்கும் வருவார். சாமத்தியவீடு, கலியாணம், எதுவானாலும் எங்கள் பக்கத்தில் ஓர் ஓரமாக, உடுப்பு இறுக்கிக்கொண்டு நிற்பார். படம் எடுக்கிறவர் 'மாப்பிள்ளை பக்கம் வாங்கோ', 'பொம்பிளை பக்கம் வாங்கோ' என்று கூப்பிடும்போது எந்தப் பக்கம் போவதென்று அக்காவைப் பார்ப்பார்.

கடந்த குளிர்காலத்தில் இருதயம் பழுதாயிற்று. அம்புலன்ஸில் படுத்தபடியே சாரதியிடம் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பும்படி சொன்னாராம். சில நாட்களில், யாருக்கும் தொந்தரவு தராமல், காலை நேரத்தில் போய்விட்டார்.

உண்மையான தொந்தரவு அதன்பிறகுதான் தொடங்கியது. உடலைப் பார்வைக்கு வைக்கிற மண்டபத்தில், சவப்பெட்டிக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு வரிசைக் கதிரைகள். அக்கா வலது வரிசையைக் காட்டினார்.

"இது அவற்றை ஆக்களுக்கு."

"அக்கா, அவருக்கு ஆர் இருக்கினம்?"

"இல்லாட்டி வெறுமையாக் கிடக்கட்டும். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அதிலை குந்தப்படாது."

"சனம் நிக்க இடமில்லாமல் நிக்கும். கதிரை சும்மா கிடக்கும். பாக்கிறவை என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும். இவ்வளவு காலமும் எங்கடை பக்கத்திலை ஓரமா நிண்ட மனுசன். இண்டைக்கெண்டாலும் அவருக்கெண்டு ஒரு பக்கம் இருக்கோணும்."

நான் போய் அந்த வரிசைக் கதிரைகளை நேராக்கினேன். பக்கத்தில் நின்ற பெரியப்பாவுக்கு மூளை திறந்துகொண்டது. அன்று மாலை ரொக்ஸ்பரோவில் அக்கா வீட்டுக் குசினிக்குள் நுழைந்தால், மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் தொலைபேசிப் புத்தகம், கையில் தொலைபேசி. "வெரி சொறி. யுவர் ரிலேசன் எக்ஸ்பயர்ட்" என்று உரத்த குரலில், மண்டபத்தின் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, என்ன செய்யிறியள்?"

"அவற்றை ஆக்களுக்குச் சொல்லுறன். நீ சொன்னனியே?"

எட்டிப் பார்த்தேன். எஸ்போசிற்றோ. மேலிருந்து கீழாக.

"ஐயோ, இவையள் அவற்றை ஆக்கள் இல்லை!"

"ஒரே பேரடா."

"அது ஆருமில்லாத பிள்ளையளுக்கு வைச்ச பேர் பெரியப்பா. ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லை. கோயில் சுவரிலை விட்டிட்டுப்போன பிள்ளையள்."

பெரியப்பா புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"ஆருமில்லாத ஆக்கள் எண்டால் எப்பிடியடா இவ்வளவு பேர்?"

நான் புத்தகத்தை மூடப் போக, அவர் விரலை உள்ளே வைத்துக்கொண்டார்.

"விசர்க்கதை கதையாதை" என்று அடுத்த எண்ணை அழுத்தினார். "செத்தவீட்டைச் சொல்லாமல் விட்டால், பேந்து சந்தியிலை கண்டால் முகத்திலை முழிக்கேலாது." சென்-லெனார்ட் சந்தியில் அவர் யாரைக் காணப்போகிறார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. யாராவது சண்டைக்கு வந்தால் சொல்வதற்கு, மன்னிப்பை மூன்று மொழிகளில் தயார் செய்யப் போய்விட்டேன்.

மறுநாள் பின்னேரம் மண்டபம் நிறைந்தது. இடப்பக்கம் எங்கள் ஆட்கள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். மீதிப்பேர் சுவரோரம் நின்றபடி வலது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, அதிலை இருக்கப்படாதோ? எனக்கு முழங்கால் ஏலாது" என்று கர்க்லாண்டில் இருக்கிற மாமி கேட்க, நான் காவல்காரன் மாதிரி இல்லையென்று தலையாட்டினேன். மாமி இனி என்னோடு கதைக்கமாட்டார். அக்கா பெட்டியை விட்டு வெறும் கதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு திறந்து, சப்பாத்தில் பனியைத் தட்டிக்கொண்டு, கறுப்பு மேலங்கியோடு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவைக்குறி போட்டுவிட்டு, வெறுமையாக இருந்த வரிசையில் போய் இருந்தார்கள். பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள். தன் சிற்றப்பாதான் இறந்துவிட்டார் என்று பதறி ஓடிவந்த ஒருவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "நல்லகாலம்!" என்று வாய்விட்டுச் சொன்னார். செத்தவீட்டில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரும் திரும்பிப் போகவில்லை. மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இருந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். எந்த ஊர், தகப்பன் யார், தாய் எந்தப் பக்கம். எங்கள் ஆட்கள் வியப்போடு கவனித்தார்கள். மொழி விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கியது.

நான் போய் அந்தக் கறுப்பு மேலங்கி அம்மாவிடம் குனிந்து, ஒரு தவறு நடந்துவிட்டது, எங்கள் பெரியப்பா ஆள் தெரியாமல், என்று தொடங்கினேன். அவர் பாதி பிரெஞ்சிலும் பாதி இத்தாலியனிலும் வெடித்தார். நான் விளங்கிக்கொண்டது இது:

"இவர் யாரென்று எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? எனக்கென்ன கண் தெரியாதா? ஒரு மனுசன் தொலைபேசி எடுத்து, உங்கள் ஆள் இறந்துவிட்டார் என்று சொன்னான். எங்களுக்கு அப்படி யார் சொல்கிறார்கள்? சொன்னால் வரவேண்டாமா? நீ என்ன, வாசலில் நின்று விரட்டுகிற ஆளா?" பிறகு, கோப்பி தண்ணீர் மாதிரி இருக்கிறதென்றும் சொன்னார். அது உண்மை.

திரும்பி வந்தேன். வலது வரிசை நிரம்பி, பின்னால் இன்னொரு வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்தார்.

"இவையள் ஆர்?"

எனக்கு எல்லாம் தெரியும். சுழல்பெட்டி தெரியும், காப்பகம் தெரியும், யாருக்கும் யாரும் சொந்தமில்லை என்பதும் தெரியும்.

"அத்தான்ரை ஆக்கள்" என்றேன்.

அக்கா எழுந்தார். புருசன் வீட்டாரிடம் போகிறதுபோலச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த வரிசையில் ஒவ்வொருவராகப் போய்க் கை கொடுத்தார். கறுப்பு மேலங்கி அம்மாவிடம் வந்தபோது அவர் கையை விட்டுவிட்டு அக்காவைக் கட்டிப்பிடித்தார். அத்தான் இறந்ததிலிருந்து அழாத அக்கா அங்கேதான் அழுதார். மறுநாள் பெட்டியைத் தூக்க ஆண்கள் வேண்டும் என்றபோது, அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் எழுந்தார்கள்.

வம்சாவளிப் பக்கம் இந்த மலரில் இருக்கிறது. பெரியப்பா வந்தவர்கள் அத்தனைபேரின் பெயரையும் விசாரித்துப் பெட்டி போட்டிருக்கிறார். அத்தான் நடுவில். கோடுகள் இல்லை. அச்சகத்தார் அழைத்து, "அண்ணை, கோடு விடுபட்டுப் போச்சு" என்றார்கள். விடுபடவில்லை, அப்படியே போடுங்கள் என்றேன். அவர்களுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. பெரியப்பாவைக் கூப்பிட்டு மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

நோயில் பார்த்தவர்களுக்கும், பனியில் வந்தவர்களுக்கும், சோறு சமைத்துத் தந்த அயலாருக்கும், அத்தானிடம் கார் பழகி இன்றும் ஆறுதலாக ஓட்டுகிற எல்லோருக்கும், முழங்கால் நோவோடு நின்ற மாமிக்கும் எங்கள் நன்றி. அத்தான் வழி உறவினர் அனைவருக்கும் தனியாக நன்றி.

இதை முடிக்கும் வேளையில் தொலைபேசி வந்தது. ரிவியேர்-தெ-பிரெய்ரியில் ஓர் எஸ்போசிற்றோ காலமாகிவிட்டாராம். நாளை பார்வைக்கு வைக்கிறார்களாம். அக்கா கறுப்புச் சேலையை எடுத்துவைத்துவிட்டார். பெரியப்பா இப்போதே சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இறந்தவர் ஆணா பெண்ணா என்பதுகூட எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனால் எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். போகவேண்டும்.